ஏசி சிக்னலில் சுட்டால் கம்ப்ரஸரை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறோம். 2012 வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், 68,000 கிமீ ஓடியிருக்கிறது. ஓஎம்ஆரில் போகும்போது ஏசி நன்றாக வருகிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று. கிளட்சும் இறுகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் 47,500 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள்: ஏசி கம்ப்ரஸர் 19,000, கிளட்ச் செட் 11,500, டைமிங் பெல்ட் 7,000, இன்ஜின் டீகார்பனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் 5,000, இதர செலவு 5,000. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சக்கரம் பாதி முழுகியது. ஒரு புரோக்கர், ‘அடுத்த வருஷம் பதினைந்து ஆண்டு முடிந்தால் வண்டி ஸ்கிராப்தான், 75,000-க்குக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார். விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். அந்த எஸ்டிமேட்டுக்கும் சரி என்று தலையாட்ட வேண்டாம்.

முதலில் ஏசி. கம்ப்ரஸர் முழுதாகப் போயிருந்தால் ஓடும்போதும் குளிர் வராது. ஓடும்போது வந்து, நின்றால் போகிறது என்றால், முன்பக்கம் இருந்து ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கிறது. நின்றதும் ஃபேன் மட்டும்தான். வீட்டிலேயே பாருங்கள்: இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, பானட்டைத் திறங்கள். கம்ப்ரஸர் ‘டக்’ என்று பிடித்ததும் ஃபேன் சுற்ற வேண்டும், அதுவும் வேகமாக. கையையும் துப்பட்டாவையும் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். சோம்பலாகச் சுற்றினால் ஃபேன் மோட்டார் தேய்ந்திருக்கிறது. சுற்றவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் நன்றாக இருந்தால், கிரில் வழியாக ஒரு மக் தண்ணீரைக் கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் உள்ளே குளிர் கூடினால் கோளாறு காற்றோட்டத்தில்தான். கண்டன்சரில் புழுதி அடைத்திருக்கும், கழுவினால் தீரும். வாட்டர் வாஷ் பிரஷரை நேராக அடிக்கவிடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இதிலும் தீரவில்லையா? அப்போதுதான் குளிரைத் தரும் ஏசி கேஸைப் பார்க்க வேண்டும். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் ‘கேஸ் டாப்அப்’ செய்கிற கடைக்குப் போகாதீர்கள். லீக்கை அடைத்து, அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து நிரப்ப வேண்டும்.

கிளட்ச். உங்கள் வண்டியில் இருப்பது கேபிள் கிளட்ச். பெடல் இறுகினால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது சில நூறு ரூபாய் கேபிளை. பிளேட் தேய்ந்திருக்கிறதா என்று தெரிய, வேளச்சேரி மேம்பாலத்தில் நான்காவது கியரில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப் ஆகிறது. அப்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எதை மாற்றினாலும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், இரண்டு முறை கூலி கொடுப்பானேன்? பழைய செட்டை டிக்கியில் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்டிமேட்டின் அடுத்த இரண்டு வரிகளைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. உங்கள் 998 சிசி கே10பி இன்ஜினில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அதைத் தொட வேண்டியதில்லை. ஸ்டீயரிங் எலெக்ட்ரிக், அதில் ஊற்ற ஆயில் டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இல்லாத பெல்ட்டையும் இல்லாத ஆயிலையும் பில்லில் ஏற்றுகிறவரிடம் கம்ப்ரஸரைப் பற்றி மட்டும் உண்மையை எதிர்பார்க்க முடியுமா? இன்ஜினில் படிந்த கரியை எடுக்கும் டீகார்பனும் வேண்டாம், ‘இதர செலவும்’ வேண்டாம். பார்ட் நம்பரும் கூலியும் தனித்தனியாக எழுதித் தராத இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள். ஸ்பேர் நீங்களே வாங்குவதென்றால் ஜி.பி. ரோடு. பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் கதவுக் கண்ணாடி, பம்பர் வாங்கலாம். ஃபேன் மோட்டார், கம்ப்ரஸர் வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘விற்காதீர்கள்’ என்பதற்கு இருக்கும் விதிவிலக்கு இதுதான். தண்ணீர் சீட் வரை ஏறியிருந்தால் பதில் மாறியிருக்கும். தரைவிரிப்புக்குக் கீழே ஓடும் ஒயர் இணைப்புகளில் பச்சைத் துரு பிடித்து, இன்று ஜன்னல், நாளை லைட், மறுநாள் ஸ்டார்ட்டிங் என்று இழுத்துக்கொண்டே போகும். அதற்கு முடிவே கிடையாது. பாதிச் சக்கரம் அப்படியில்லை. டிரைவர் பக்க விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சு காய்ந்திருக்கிறதா, சீட் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். வேகம் கூடக்கூட ‘ஊம்’ என்ற இரைச்சல் கூடினால் வீல் பேரிங்கில் தண்ணீர் போயிருக்கலாம். பின்சக்கர டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வரும் மழையில் வண்டி தண்ணீரில் நின்றால் பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இருந்தால் தப்பிக்கலாம். இந்த வயசு வண்டிக்கு அதைப் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

புரோக்கர் சொல்லும் ‘ஸ்கிராப்’ கதை, டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு இருக்கும் தடையையும், அரசு வாகனங்களை 15 ஆண்டில் கழித்துக்கட்டும் விதியையும் உங்கள் தலையில் கட்டுவது. சென்னையில் சொந்தக் காருக்கு ஆர்சியை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25, முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள். 15 முதல் 20 ஆண்டு காருக்கு மத்திய கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி. தாமதமானால் மாதம் 500 கூடும். கையில் இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். வண்டியில் லைட், ஹாரன், வைப்பர், டயர், படிக்கும்படியான சேஸிஸ் எண். அவ்வளவுதான். படிவமும் ஆன்லைன், பணமும் ஆன்லைன், பிறகு அதையே அச்சடித்து நேரில் கொண்டுவா என்பார்கள். இந்தக் கூத்தில்தான் ஆர்டிஓ வாசல் தரகர் பிழைக்கிறார்.

மற்ற செலவு பெரிதில்லை. 1000 சிசிக்குள் இருப்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூன் முதல் அமலில் உள்ள வீதத்தில் 2,094 ரூபாய், ஜிஎஸ்டியோடு 2,471. ஆண்டுக்கு அல்லது 10,000 கிமீக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, சுமார் மூன்று லிட்டர் ஆயிலும் ஃபில்டரும்.

என்றாவது விற்றால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. கேமரா சலானும் உங்கள் போனுக்குத்தான் வரும். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரம் தேவை. அங்கீகாரமுள்ள டீலர் என்றால் படிவம் 29சி மூலம் வண்டி கைமாறியதைப் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் பதியவையுங்கள். தனிநபர் என்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, அத்தாட்சியை எடுத்து வையுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகனில் பார்க்கும் வரை கடைசித் தவணைப் பணத்துக்காக அவசரப்பட்டு வேறெதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.