மின்சார கார் வாங்கினால் நிஜமாகவே மிச்சமாகுமா? உங்கள் கேள்விகளும் என் நோட்டுக் கணக்கும்

முதலில் என்னைப் பற்றி. திருச்சியில் வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். 2023 மார்ச்சில் 24 கிலோவாட் அவர் (அதாவது 24 யூனிட் மின்சாரம் பிடிக்கும்) பேட்டரி உள்ள சிறிய மின்சார கார் ஒன்றை எடுத்தேன். அன்றிலிருந்து சார்ஜ் போட்ட யூனிட், ஓடிய தூரம், கொடுத்த காசு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

வங்கி ஊழியர், திருச்சி: கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவு என்று ஷோரூமில் அடித்துச் சொல்கிறார்கள் சார். நம்பலாமா?

பாதி நம்பலாம். அவர்கள் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொண்டு வகுக்கிறார்கள். நம் ஊர் ஈ.பி. பில் அப்படி வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், படிப்படியாக ஏறும் கட்டணம். கார் இழுக்கும் யூனிட் எல்லாம் வீட்டு உபயோகத்தின் தலைமேல் போய் உட்காரும். அதனால் காருக்கு நீங்கள் கொடுப்பது மேல்படி விலை.

ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது, பில் 1,200 ரூபாய்க்குள் வருகிறது. கார் மாதம் 1,000 கி.மீ. ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுவர் மீட்டரில் யூனிட்டுக்கு ஆறேகால் கி.மீ. கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் கூடி, மொத்தம் 720 ஆகிவிடும். 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகை ஒன்று போய்விடும். 2024 ஜூலையில் உயர்த்திய கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட் 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65. கூட்டிப் பார்த்தால் பில் 4,100 ரூபாய் பக்கம் வரும். காருக்காக மட்டும் கூடியது சுமார் 2,900. கி.மீ.க்கு 1 ரூபாய் 45 காசு.

ஏற்கெனவே இரண்டு ஏ.சி. ஓடி 900 யூனிட் ஆகிற வீடு என்றால், கார் யூனிட்டெல்லாம் 10.70க்கும் 11.80க்கும் போகும். அப்போது கி.மீ.க்கு 1.85 ஆகிவிடும்.

இப்படிப் பார்த்தாலும் பெட்ரோல் பக்கத்தில் வர முடியாது. லிட்டர் 101 ரூபாய், ஊருக்குள் 15 கி.மீ. மைலேஜ் என்றால் கி.மீ.க்கு ஆறே முக்கால் ரூபாய். ஆக, கி.மீ.க்கு ஐந்து ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு வருடத்தில் 60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடவே நிற்கும். ஷோரூம்காரர் சொன்ன ஒரு ரூபாய் தப்பு. மிச்சம் உண்டு என்பது தப்பில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை: பள்ளி வீட்டிலிருந்து ஏழு கி.மீ. மாதம் 400 கி.மீ. ஓடினாலே அதிகம். பெட்ரோல் செலவுக்குப் பயந்து மின்சார கார் பார்க்கிறேன். எடுக்கலாமா சார்?

பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் டீச்சர். உங்களுக்கு வருடத்தில் மிஞ்சுவது 25,000 ரூபாய்தான். காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை திரும்பி வரவே ஏழு வருடம் ஆகும். அதைக் கடனில் எடுத்தால் வட்டி வேறு. நல்ல பெட்ரோல் கார் ஒன்றை, இரண்டாம் கையில் கிடைத்தாலும், எடுத்து நிம்மதியாக ஓட்டுங்கள். சத்தமில்லாமல் ஓடுகிறது, கியர் இல்லை, புகை இல்லை என்பதற்காக வாங்கினால் அது உங்கள் விருப்பம், நல்ல விருப்பமும்கூட. ஆனால் அதை லாபம் என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்: அந்தக் கூடுதல் தொகை உண்மையில் எவ்வளவு? எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

எக்ஸ்-ஷோரூம் விலையை மறந்துவிடுங்கள், வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எடுங்கள். தமிழ்நாட்டில் பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி 2023 நவம்பரிலிருந்து ஏறிவிட்டது. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்கு வரி மட்டும் 1,17,000. பக்கத்தில் 12 லட்சம் ரூபாய் மின்சார காரை வையுங்கள். மின்சார காருக்கு இந்த வரியில் விலக்கு இருந்தால் எக்ஸ்-ஷோரூமில் 3 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் 1,83,000 ஆகக் குறைந்துவிடும். பெட்ரோல் கார் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் வரியே இரண்டு லட்சத்தை நெருங்கும், வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

அந்த விலக்கை அரசு 2025 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருந்தது. நீங்கள் பதிவு செய்யும் மாதத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணம் கட்டுங்கள். கணக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. மின்சார காருக்குப் பழைய 5 சதவீதமே. ஆகவே 2024ல் யாராவது போட்ட ஒப்பீட்டை இப்போது நம்பாதீர்கள். இன்றைய விலையில் மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மூன்று முதல் மூன்றரை வருடம், 1,500 ஓட்டுகிறவருக்கு இரண்டு வருடம் சொச்சம். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் மிச்சம்.

ஐ.டி. ஊழியர், சென்னை பெரும்பாக்கம்: அண்ணா, அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இல்லை. அசோசியேஷன் அனுமதிக்கவில்லை. பொது சார்ஜரை நம்பி வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. பொது ஃபாஸ்ட் சார்ஜரில் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தோடு யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் நான் பல தடவை கொடுத்திருக்கிறேன். 24 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு மூன்றே முக்கால் ரூபாய்க்கு மேல். மிச்சம் பாதியாகிவிடும். வாரத்துக்கு இரண்டு மாலை சார்ஜர் பக்கத்தில் உட்கார வேண்டியதை யார் கணக்கில் எழுதுவது?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. மின்வாகன சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. வீட்டு உரிமையாளரையும் அசோசியேஷனையும் அதைக் காட்டிப் பேசுங்கள். பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து ஒரு லைன் வந்து சேர்ந்த பிறகு காரைப் பற்றி யோசிக்கலாம்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: எங்கள் வீடு 30 வருடப் பழையது. சாதாரண பிளக்கில் போடலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது அண்ணா.

பயப்படுவது சரிதான் அம்மா, இதை யாரும் சொல்வதில்லை. என் வீடும் பழையது. கார் வந்த அன்று இரவு 15 ஆம்பியர் பாயின்டில் செருகினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு, ஏறவே இல்லை. கார்தான் கோளாறு என்று நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். 28 வோல்ட் காட்டியது. "இது ரெண்டு மூணுக்கு மேல போகக் கூடாது சார், எர்த் செத்துப் போச்சு" என்றார். கொல்லையில் எட்டடி குழி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்புமாக மாற்றி மாற்றிக் கொட்டி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். மறுபடி மீட்டரை வைத்தபோது 2 வோல்ட். அன்று இரவு பச்சை விளக்கு எரிந்தது. எர்த், தனி வயர், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் ஆயிற்று.

அத்தனை வருடம் அந்த எர்த்தை நம்பித்தான் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் ஓடின என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நீங்கள் கார் வாங்காவிட்டாலும் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் ஒருபோதும் கார் சார்ஜ் போடாதீர்கள்.

ஓய்வுபெற்றவர், மதுரை: எட்டு வருடத்தில் பேட்டரி போய்விட்டால் காரின் பாதி விலை என்கிறார்களே?

ஐயா, வாரண்டி பொதுவாக 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. சில மாடல்களுக்கு முதல் உரிமையாளருக்கு மட்டும் ஆயுள் வாரண்டியும் தருகிறார்கள். நம் ஊரில் விற்கும் பல கார்களில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி, வெயிலையும் அடிக்கடி சார்ஜ் போடுவதையும் ஓரளவு தாங்கும். என் காருக்கு விளம்பரத்தில் 315 கி.மீ. என்றார்கள். புதிதாக இருந்தபோது ஊருக்குள் ஏ.சி.யோடு 180 ஓடியது, இப்போது 170 ஓடுகிறது. ஒரே நாளில் செத்துப் போகிற சாமான் இல்லை, மெதுவாகத் தேய்கிற சாமான். உங்களுக்கு ஒரு நாளைக்கு 40 கி.மீ. போதும் என்றால், 120 ஆகத் தேய்ந்த பேட்டரியும் ஓடும்.

வாரண்டித் தாளில் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சர்வீஸ் தவறினால் வாரண்டி போகுமா என்றும் பாருங்கள்.

சிறு கடை உரிமையாளர், ஈரோடு: பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் கார் மலிவாக வருகிறதே. எடுக்கலாமா?

எம்.ஜி. வின்ட்சர் 2024 செப்டம்பரில் இப்படித்தான் வந்தது: கார் 9.99 லட்சம், பேட்டரிக்கு கி.மீ.க்கு மூன்றரை ரூபாய். அதோடு வீட்டுக் கரன்ட் 1.45 சேர்த்தால் ஐந்து ரூபாய். பெட்ரோலோடு வித்தியாசம் கி.மீ.க்கு ஒன்றே முக்கால் ரூபாய்தான். கையில் முதல் இல்லாதவருக்கு அது ஒரு வழி. ஆனால் மாதத்துக்குக் குறைந்தது இத்தனை கி.மீ.க்குக் கட்டியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். குறைவாக ஓட்டுகிறவர் ஓட்டாத தூரத்துக்கும் கட்ட நேரும்.

டாக்ஸி ஓட்டுநர், கோவை: தினம் 200 கி.மீ. ஓட்டுகிறேன் அண்ணே. சி.என்.ஜி. வண்டியா, மின்சாரமா?

தம்பி, இத்தனை பேரில் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடியவர் நீங்கள்தான். சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், 25 கி.மீ. என்றால் கி.மீ.க்கு மூன்று ரூபாய் அறுபது காசு. இரவில் நிறுத்தும் இடத்திலேயே சார்ஜ் ஏறினால், யூனிட் 11.80 கொடுத்தாலும் உங்களுக்கு 1.90தான். மாதம் 5,000 கி.மீ. ஓட்டினால் 8,500 ரூபாய் நிற்கும், அது கடன் தவணைக்கு உதவும். தொழிலுக்கு ஓடும் வண்டி என்பதால் சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு வாங்குங்கள், வீட்டு மீட்டரில் போடாதீர்கள். ஒரே சார்ஜில் நிஜமாக 250 ஓடும் பேட்டரியாகப் பாருங்கள். பகலில் ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஒதுங்கினால் ஒரு மணி நேரச் சவாரி போய்விடும், அந்தக் காசு மிச்சத்தைத் தின்றுவிடும்.

பலர்: வருமான வரியில் ஒன்றரை லட்சம் கழிவு உண்டாமே?

80ஈ.ஈ.பி. பிரிவு. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான மின்சார வாகனக் கடனின் வட்டிக்கு மட்டும். புதுக் கடனுக்கு இல்லை. இதைச் சொல்லி விற்கிறவரிடம் தேதியைக் கேளுங்கள்.

விவசாயி, திண்டுக்கல்: மாடியில் சோலார் போட்டால்?

கணக்கு இன்னும் அழகாகும். மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் வரும், இரண்டு மாதத்தில் 720. எடுத்த யூனிட்டில் கொடுத்த யூனிட்டைக் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் இருந்தால் சோலார் முதலில் வெட்டுவது உங்கள் மேல்படி யூனிட்டைத்தான், 9.65ம் 8.55ம் முதலில் போய்விடும். காரும் சோலாரும் சேர்ந்து வாங்க வசதியில்லை என்றால் முதலில் சோலார் போடுங்கள் ஐயா, அது நிற்கும்போதும் சம்பாதிக்கிறது.

கல்லூரி மாணவர், சென்னை: அப்பாவிடம் ஆறு வருடப் பழைய டீசல் கார் இருக்கிறது. 60,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மின்சார கார் எடுக்கச் சொல்கிறேன், மறுக்கிறார்.

அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. கடன் முடிந்த, நன்றாக ஓடுகிற காரை எக்ஸ்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு 12 லட்சத்துக்குப் புதிதாகக் கடன் வாங்கினால், மிச்சமாகும் எரிபொருள் காசு வட்டிக்கே சரியாகிவிடும். பதிவு 15 வருடம் வரை இருக்கிறது. ஓடட்டும். உங்களுக்கு வேலை கிடைத்து தினமும் ஐம்பது கி.மீ. போய் வரும் நிலை வந்தால், அன்றைய ஈ.பி. பில்லையும் ஆன்ரோடு விலைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.