அரசுப் பள்ளிக் குழந்தைகளைச் சரளமாக வாசிக்க வைக்க ஒரு மாநில அரசால் முடியுமா?

"இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும், காலை உணவு என்று தமிழ்நாட்டில் அடுத்தடுத்துத் திட்டங்கள் வருகின்றன. இவற்றால் சின்னப் பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கக் கற்றுக்கொள்கிறார்களா, இல்லை பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறதா?" என்பது கேள்வி.

முடியும். தமிழ்நாட்டிலேயே முடிந்திருக்கிறது, நடுவில் விட்டும் போயிருக்கிறது. ஏன் விட்டுப்போனது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியர். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளோடுதான் போயிருக்கிறது. அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

முதலில், ஆறு வயதுக் குழந்தை தமிழ் வாசிக்கும்போது எங்கே தடுக்கி விழுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் திட்டங்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 'கொடி' என்று கரும்பலகையில் எழுதுகிறேன். ஒரு பையன் எழுந்து 'கெ... ர... டி' என்று படிக்கிறான். வகுப்பே சிரிக்கிறது. ஆனால் அவன் சும்மா உளறவில்லை. கண்ணுக்குத் தெரிவதை ஒழுங்காகத்தான் படிக்கிறான். 'க'வுக்கு முன்னால் வரும் கொம்பை அவனுக்குத் தெரியும். பின்னால் நிற்கும் துணைக்கால் அவன் கண்ணுக்கு 'ர' மாதிரி இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரே ஒலி என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குக் காட்டியிருக்க வேண்டும். 'பக்கம்' என்பதைப் 'பகம்' என்று படிக்கும் பிள்ளைக்கு வேறு பிரச்சினை, அதற்குப் புள்ளி இன்னும் பிடிபடவில்லை. இன்னொரு பெண் பாடத்தை மடமடவென்று ஒப்பிப்பாள். அதே சொற்களை வரிசை மாற்றி எழுதினால் வாய் திறக்க மாட்டாள், ஏனென்றால் அவள் அதுவரை வாசிக்கவே இல்லை, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேரும் ஒரே வகுப்பு, ஒரே வயது, ஒரே புத்தகம். மூவருக்கும் நாளைக்குக் காலையில் சொல்லித்தர வேண்டியது மட்டும் வேறு வேறு. 'இன்றைக்கு மூன்றாவது பாடம்' என்று எல்லாருக்கும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொன்னால், மூவரில் ஒருவருக்குக்கூட அது பொருந்தாமல் போகலாம். தொடக்கக் கல்வியில் எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: குழந்தை நிற்கிற இடத்தில் இருந்து தொடங்க அது ஆசிரியரை விடுகிறதா, இல்லையா?

அப்படி விட்ட திட்டம் ஒன்று நம்மிடம் இருந்தது. செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பார்த்துவிட்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-08-க்குள் மாநிலம் முழுவதும் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்திருந்தார்கள். சுவரில் ஏணிப்படி இருக்கும். எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தட்டில் இருந்து எடுத்து வரும். சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தது தொங்கும். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளைக்குப் 'பாடம் போய்விட்டது' என்ற பேச்சே கிடையாது, விட்ட அட்டையில் இருந்து எடுத்துக்கொள்ளும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போய்விட்டுத் திரும்புகிற பிள்ளைகள் இருக்கும் ஊர்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் இருந்தன. பல இடங்களில் அட்டைகள் கிழிந்த பிறகு மாற்று அட்டைகள் வரவில்லை. பெற்றோருக்குப் 'புத்தகம் இல்லாமல் என்ன படிப்பு?' என்ற கவலை. அட்டையை எடுத்து வைப்பதையே படிப்பு என்று விட்டுவிட்ட வகுப்புகளும் உண்டு. இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவைதாம். ஆனால் 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. 2018-இல் தொடங்கிப் புதிய பாடத்திட்டம், புதிய புத்தகங்கள். ஒவ்வொன்றும் தன்னளவில் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். ஒவ்வொன்று வரும்போதும் அட்டையும் ஏணிப்படியும் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போயின, கடைசியில் அலமாரிக்குள் போய்விட்டன. பத்து வருடம் பழகிய கையை மடக்கி வைத்துவிட்டுப் புதிதாகப் பயிற்சிக்குப் போனோம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை உண்டு.

அப்புறம் கொரோனா. ஒன்றரை வருடத்துக்கும் மேலாகத் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஒன்றாம் வகுப்பு அறையையே பார்க்காத பிள்ளைகள் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடுவீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் ஆய்வு 2022-இல் நடந்தது. அதில், தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தடையில்லாமல் வாசித்தவர்கள் 4.8 சதவீதம். 2018-இல் அது 10.2 ஆக இருந்தது. இந்த ஆய்வு எடுக்கும் முறையைப் பற்றி எங்கள் ஆசிரியர் வட்டத்தில் நிறைய வாக்குவாதம் உண்டு, ஆனாலும் நான் அந்த எண்ணை நம்பினேன். என் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது. கொரோனாவுக்கு முன்பே பத்தில் ஒன்பது பிள்ளைகளால் அந்தப் பத்தியை வாசிக்க முடியவில்லை என்பதையும் 2018-இன் எண் சொல்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. சாயங்காலம் 5 முதல் 7 மணிக்குள், தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ பிள்ளைகளை உட்கார வைத்து, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் சொல்லித்தருவார். பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்தார்கள். பயிற்சி இல்லாத அக்காமார்களால் என்ன ஆகும் என்று பலர் கேட்டார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் காட்டியது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளையின் பெயரும் வீடும் தெரிந்த ஒருவர், இருபது பேரை மட்டும் வைத்துக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம் வாசிக்க வைத்தால் பலன் தெரியத்தான் செய்யும்.

எண்ணும் எழுத்தும் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய திட்டம். முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த கல்வியாண்டில் ஐந்து வரை. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கு போட வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்குப் பயிற்சி நூல் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் எழுத்தே தெரியாவிட்டால் அரும்பில் இருந்து தொடங்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. செயல்வழிக் கற்றலின் உயிரான பகுதி இப்படித் திரும்பி வந்தது என்று எனக்கு மனம் நிறைந்தது. பாட்டு, கதை, நடிப்பு, பொம்மலாட்டம் என்று வகுப்புக்குச் சத்தம் வந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் பயிற்சியும் ஆசிரியர் கையேடும் வந்தன.

இடிக்கும் இடம் வேறு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை வைத்துக்கொள்வார். மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை, தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று மூன்று பாடம். பெருக்கிப் பாருங்கள். இதற்கு நடுவில் கைபேசிச் செயலியில் வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கேள்வியைத் திறந்து, விடையைத் தட்டி, இணையம் கிடைக்காவிட்டால் மைதானத்துக்குப் போய் ஏற்ற வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதைப் பலமுறை சொல்லிவிட்டன. நான் மதிப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. 'கெரடி' என்று படிக்கிற பையனைக் கண்டுபிடிப்பதும் மதிப்பீடுதான். ஆனால் அவனைக் கண்டுபிடித்த அரை மணி நேரத்தை அவனோடு செலவிட விடாமல், பதிவேற்றத்துக்கு எடுத்துக்கொண்டால் கண்டுபிடித்து என்ன பயன்?

காலை உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காட்டு வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் வீடுகளில் இருந்து வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை, முதல் இரண்டு பாடவேளை எதையும் வாங்கிக்கொள்ளாது. இப்போது அந்த நேரம்தான் என் வாசிப்பு நேரம்.

அதிகம் பேசப்படாத ஒன்று வாசிப்பு இயக்கம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, படம். எழுத்து தெரிந்த பிள்ளை வாசகராக மாறுவதற்கு இது போல் படிக்கத் தகுந்த பொருள் கைநிறைய வேண்டும். பாடப்புத்தகம் மட்டும் போதாது. தமிழில் ஆறு, ஏழு வயதுக்குத் தகுந்த நூல்கள் மிகவும் குறைவு. இந்த ஒரு வேலையை இன்னும் பத்து மடங்காக்கலாம்.

வெளியில் இருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி ஏழை மாநிலம். 2013-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 50 மாநிலங்களில் 49-ஆவது இடம். 2024-இல் 9-ஆவது இடம். இதைச் சொல்லும்போது எல்லாரும் 'மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை நிறுத்திவைத்தார்கள்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டம் 2013-இல் வந்தது உண்மை. ஆனால் அதோடு சேர்த்து எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்துக் கற்பிக்கும் எழுத்தொலி முறையில் ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை மாநில அரசே அனுப்பியது. அவர்கள் வகுப்புக்குள் உட்கார்ந்து, ஆசிரியரோடு சேர்ந்து நடத்திக் காட்டினார்கள். சின்ன வகுப்பிலேயே சோதித்துப் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். முக்கியமாக, பத்து வருடம் அதே திசையில் போனார்கள். பிள்ளையை நிறுத்திவைப்பதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையை நிறுத்தினால் பெரும்பாலும் அது பள்ளியை விட்டே போய்விடும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயிற்றுநரை எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடமும் அந்த ஆட்கள் இருக்கிறார்கள். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள் என்று ஒரு பணியிடமே உண்டு. நல்ல அனுபவசாலிகள் நிறையப் பேர். அவர்களில் பலருடைய நாள், புள்ளிவிவரம் திரட்டுவதிலும் பார்வைப் படிவம் நிரப்புவதிலும் போய்விடுகிறது. பள்ளிக்கு வந்தால் 'பயிற்சி நூல் முடித்தாயிற்றா?' என்று பார்க்கிறார்கள். அதே ஆள் என் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அரும்பு நிலைப் பிள்ளைகள் நான்கு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, துணைக்காலை எப்படிக் கற்பிக்கலாம் என்று செய்து காட்டினால் என் அடுத்த ஆறு மாதம் மாறிவிடும். இதற்குப் புதிய திட்டமோ புதிய பெயரோ வேண்டாம். அவர்கள் மேல் இருக்கிற படிவச் சுமையை இறக்கினாலே போதும்.

பணமும் முக்கியம். 2024-25-க்கு ஒன்றிய அரசிடம் இருந்து பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய ₹2,152 கோடியை, அந்த அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் நிறுத்திவைத்தார்கள். கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்று பெரியவர்கள் வாதிடட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பணத்தை அந்த வாதத்தில் பணயம் வைத்தது தவறு என்பது என் கருத்து.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. அது முன்பு பார்க்காத ஒரு சின்னக் கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். திட்டாதீர்கள், உடனே திருத்தவும் வேண்டாம். எந்த எழுத்தில் நிற்கிறது என்று மட்டும் குறித்து வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: "போன பருவத்தில் அரும்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் மொட்டுக்குப் போனார்கள்? போகாதவர்களுக்கு யார், எப்போது, தனியாகச் சொல்லித்தருகிறார்கள்?" கேட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். இதைக் கேட்கும் ஒரு பெற்றோர் வந்தால், மேலே இருந்து படிவம் கேட்பவர்களிடம் நாங்களும் நேரம் கேட்டு வாதாட முடியும்.