கருப்பூர் எவ்வளவு தூரம்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்தோம். மாம்பழம் வந்தது, வெள்ளிக் கொலுசு வந்தது, ஜவ்வரிசி, இரும்பாலை, மாடர்ன் தியேட்டர்ஸ் எல்லாம் வந்தன. பெரியார் பல்கலைக்கழகம் மட்டும் வரவில்லை. கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் போடும் நாக் மதிப்பீட்டில் ஏ பிளஸ் பிளஸ் என்ற உச்ச தரம் வாங்கி, வெள்ளி விழாவும் கடந்த பல்கலைக்கழகம். கொலுசுக்கு மூன்று பத்தி, அதற்கு ஒரு வரி கூட இல்லையா? நான் அங்கே எம்.காம். படித்தவன். இப்போது ஆத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். என் மாணவர்கள், 'சார், நம்ம காலேஜுக்கும் அந்த ஏ பிளஸ் பிளஸ்தானே?' என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? பெயர் வெளியிட வேண்டாம்.

- ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கொலுசுக்கு மூன்று பத்தி எழுதியது என் பாட்டன் பட்டறையில் நெருப்பு ஊதியவர் என்பதால். மற்றபடி நீங்கள் சொல்வது சரிதான், விட்டுப்போய்விட்டது. வேண்டுமென்றே விடவில்லை. அந்த வழியாக வாரம் ஒருமுறையாவது போகிறேன். தினமும் கண்ணில் படுவது எழுத உட்காரும்போது நினைவுக்கு வருவதில்லை.

முதலில் என் சொந்தக் கதை ஒன்று. 1992. சேலத்தில் பட்டப்படிப்பு முடித்திருந்தேன். அன்றைக்குச் சேலத்துக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். தேர்வு விண்ணப்பத்தில் என் இனிஷியலை நானே மாற்றி எழுதிவிட்டேன். அது அப்படியே மதிப்பெண் பட்டியலிலும் வந்துவிட்டது. திருத்த வேண்டுமென்றால் மெட்ராஸ் போக வேண்டும். கொலுசுப் பட்டறையில் முன்பணம் வாங்கி, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினேன். (ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.) விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கி, சேப்பாக்கம் வரைக்கும் நடந்து, அலுவலகம் திறக்கும்வரை கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். கடலை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே போனதும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. அரை மணி நேர வேலைக்கு ஒன்றரை நாளும், போக 330 கிலோமீட்டருக்கு மேலும், திரும்பி வர அதே அளவும். என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் இந்தத் தூரத்துக்குப் பயந்தே சான்றிதழை வாங்காமல் விட்டார்கள். ஒருவர் பிறகு லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்தார். சான்றிதழை யாரும் கேட்கவில்லை, அவரும் அதை மறந்துவிட்டார்.

1997 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்த நாளில், சேலத்தை அடுத்த கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தான். அந்த வகையில் பெயர் ஊருக்குப் பொருத்தமாகவே வந்து சேர்ந்தது. ஆனால் எனக்குப் பெயரைவிட இடம்தான் பெரிய செய்தி. புது பஸ் ஸ்டாண்டில் ஓமலூர் பஸ் ஏறினால், மாமாங்கம் தாண்டி, இடையில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்க மேட்டைப் பார்த்துக்கொண்டே போய், 'யுனிவர்சிட்டி இறங்குங்க' என்று கண்டக்டர் கூப்பிடும்போது இறங்கிவிடலாம். சென்னைக்குப் போன ஒன்றரை நாள் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் அடங்கிவிட்டது.

இப்போது நீங்கள் கேட்ட ஏ பிளஸ் பிளஸ். 2021-இல் கிடைத்தது, நான்குக்கு 3.61. முந்தைய சுற்றில் ஏ மட்டும்தான். ஏ பிளஸ் பிளஸ்ஸுக்கு 3.51 எட்ட வேண்டியிருந்தது. ஆகவே இது தட்டுத்தடுமாறி எட்டியது அல்ல. நாக் என்கிற தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் கவுன்சில் அன்றைய விதிமுறையில் ஏழு தலைப்புகளில் 1000 மதிப்பெண் போட்டுப் பார்த்தது. பல்கலைக்கழகம் என்றால் ஆராய்ச்சிக்கு 250, கற்பித்தலுக்கு 200, பாடத்திட்டத்துக்கு 150. மீதி நான்கு தலைப்புகளுக்கும் நூறு நூறு. பெரும்பகுதி கணினியில் ஏற்றிய புள்ளிவிவரத்திலிருந்து வந்தது, மீதியை நேரில் வந்த குழு பார்த்துப் போட்டது. கல்லூரியில் வேலை பார்ப்பவர் நீங்கள், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? குழு வரப்போகிறது என்றால் முதலில் பெயிண்ட் வாசனை வரும், பிறகு பூந்தொட்டி வரும், கடைசியாகத்தான் குழு வரும். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் பூந்தொட்டி வைத்து 3.61 வாங்க முடியாது. கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், ஆய்வு மாணவர்கள் பட்டம் வாங்கியிருக்க வேண்டும், ஆய்வு நிதி வந்திருக்க வேண்டும். அங்கே சிலர் பல வருடம் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அதை மதிக்கிறேன்.

கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஏ பிளஸ் பிளஸ் வந்த மறு வருடமே, 2022 ஜூலையில், எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில் நான்கு சாதிகளைக் கொடுத்து எது தாழ்ந்தது என்று கேட்டிருந்தார்கள். பெரியார் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தில்! வினாத்தாளை வெளியே ஒருவர் தயாரித்தார் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அதை ஒருவரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப்பட்டதற்கு ஏழு தலைப்பில் எதிலும் மதிப்பெண் குறையாது. என் கணக்கில் குறையும்.

சரி, உங்கள் மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். பதில்: இல்லை. ஏ பிளஸ் பிளஸ் கருப்பூர் வளாகத்துக்கு. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதனோடு இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக நாக் போக வேண்டும். உங்கள் கல்லூரிக்கு என்ன கிடைத்ததோ அதுதான் உங்கள் பிள்ளைகளுக்கு. ஆனால் பாடத்திட்டம் கருப்பூரில் எழுதப்படுவது, வினாத்தாள் அங்கிருந்து வருவது, பட்டத்தில் இருக்கும் பெயரும் அதுதான். ஆகவே 'நமக்குச் சம்பந்தமே இல்லை' என்றும் சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே விதிமுறையில், உங்களைப் போன்ற இணைவுக் கல்லூரிக்கு ஆராய்ச்சியைவிடக் கற்பித்தலுக்குத்தான் அதிகம், 350. அதாவது பெரிய எண் உங்கள் வகுப்பறையில்தான் இருக்கிறது, கௌரவ விரிவுரையாளரின் தொண்டையில். அந்தத் தொண்டைக்கு என்ன சம்பளம் என்பதை நான் இங்கே எழுதினால் நீங்கள் பெயர் மறைத்ததற்கு அர்த்தமில்லாமல் போகும்.

போன மாதம் அக்கா மகளுக்காகக் கருப்பூர் போயிருந்தேன். அவளுக்கு வெளிநாட்டு வேலைக்கு டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே நின்றால் பல்கலைக்கழகத்தின் மறுபக்கம் தெரியும். புரொவிஷனல், கன்சாலிடேட்டட், மைக்ரேஷன், ஜெனியூன்னஸ் என்று கடைக்காரர் ஆளைப் பார்த்தே ஃபாரத்தை எடுத்துப் போடுகிறார். 'எந்த வருஷம் முடிச்சீங்க, எந்த காலேஜ்' என்று இரண்டே கேள்விதான். எனக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மகளின் மார்க் ஷீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நியூஸ் பேப்பர் மடித்து வைத்திருந்தார். ஒட்டிக்கொள்ளுமாம். ஓசூர் தாண்டி ஒரு கிராமம். விடிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டிருக்கிறார். 'பெங்களூர் எங்களுக்கு நாப்பது கிலோமீட்டருங்க. சேலந்தான் தூரம்' என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சேப்பாக்கம் கடற்கரை நினைவுக்கு வந்துவிட்டது. அவருக்குக் கருப்பூர்தான் இன்றைக்கு மெட்ராஸ்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கும் இதேதான், வேறு கணக்கில். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஆனால் நாகலூர் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்ப் பிள்ளைக்கு முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும். காலை பஸ்ஸை விட்டால் அன்றைய முதல் இரண்டு பீரியட் போச்சு. உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் நூற்றுக்கு 47 பேர் தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகிறார்கள், நாட்டளவில் 28 பேர்தான் என்று 2021-22 கணக்கெடுப்பு சொன்னது. நல்ல எண்தான். அந்த 47-இல் மலைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பஸ்ஸும் ஹாஸ்டலும்தான் முடிவு செய்கின்றன. 2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று பேசியவர்கள் உண்டு. மலையில் இருப்பவர்களைக் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்வார்கள். 2024-இல் பையன்களுக்கும் அது வந்தது. நாக்கில் 3.26-உம் அதற்கு மேலும் வாங்கிய பல்கலைக்கழகம் இணையவழியில் பட்டப் படிப்பு நடத்த வழி இருக்கிறது. ஏ பிளஸ் பிளஸ்ஸால் மலைக்கும் ஓசூருக்கும் ஏதாவது கிடைக்கும் என்றால் அந்த வழியாகத்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். டவர் கிடைத்தால்.

இன்னொரு ஆசையும் உண்டு. கருப்பூரில் நின்று பாருங்கள். கிழக்கே சேர்வராயன் மலை, பெரும்பாலும் சார்னோகைட் என்கிற கடினமான பாறை. கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளைக்கல். தெற்கே தள்ளி கஞ்சமலை, இரும்புத்தாது. புவியியல் படிக்கிற பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்தாலே பாடம்தான். மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரும் இங்கேதான். ஆராய்ச்சிக்கான அந்த 250 மதிப்பெண்ணில் இவற்றுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க ஆசை. யாராவது ஆய்வு மாணவர் இதைப் படித்தால் எழுதுங்கள், கொலுசை நிறுத்திவிட்டு அதைப் போடுகிறேன்.

உங்கள் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். நாக் சென்று வந்த கல்லூரிகள் தங்கள் சுய அறிக்கையை இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். உங்கள் கல்லூரியுடையதை ஒரு பீரியடில் எல்லோருமாக உட்கார்ந்து படியுங்கள். நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று எழுதியிருக்கிறதோ, மறுநாள் போய் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வணிகவியல் மாணவர்கள்தானே, ஆடிட்டிங்குக்கு நல்ல பயிற்சி. பிரின்சிபாலிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் கிடைத்துவிட்டது. ஓசூர்க்காரர் எனக்கு முன்பே வேலையை முடித்துவிட்டு, தருமபுரி பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.