அப்பாவைக் காப்பாற்றாதது ஏன்?

அன்புள்ள ஐயா,

உங்கள் சிறுவர் நாவலை என் பிள்ளைகளுக்குத் தினமும் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினேன். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. அவர்களுடைய அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. லாரி டிரைவரான அப்பாவை விபத்தில் இழந்த வள்ளியும் தம்பி முத்துவும் காலத்தில் பின்னால் போகிறார்கள் என்றதுமே இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அப்பாவின் கடைசி லோடுக்கு முந்தின ராத்திரிக்கே போய்ச் சேர்ந்தும் வள்ளியால் அவரைத் தடுக்க முடியவில்லை. மகள் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். இரண்டாயிரம் வருடம் பின்னால் போக முடிகிற கதையில் ஒரு மனுசனைக் காப்பாற்ற முடியாதா? கற்பனைதானே, கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அப்புறம், கொடுமணலில் வரும் அந்தப் புதைக்கிற காட்சி சின்னப் பிள்ளைகளுக்குத் தேவைதானா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, சென்னிமலை

அன்புள்ள அம்மணி,

காலப்பயணக் கதை எழுதுகிறவர்களிடம் தயாராக ஒரு சாக்கு இருக்கும். அப்பா பிழைத்துவிட்டால் பிள்ளைகள் கிளம்பியிருக்கவே மாட்டார்கள், கிளம்பாவிட்டால் யார் போய்க் காப்பாற்றுவது என்பார்கள். அதை உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள். அவள் கேட்பது அதையல்ல.

நான் எழுத நினைத்தது அக்காவையும் தம்பியையும்தான். அப்பா சாகும்போது வள்ளிக்கு ஒன்பது வயது, முத்துவுக்கு இரண்டரை. அவளிடம் ஒன்பது வருட அப்பா இருக்கிறார். அவனிடம் இருப்பது ஏர்ஹாரன் சத்தமும் டீசல் வாசமும். அதுகூடச் சொந்த ஞாபகமா, அக்கா சொல்லிக் கேட்டதா என்று அவனுக்கே தெரியாது. சாவு வீட்டில் ‘ரெண்டு புள்ளைகளையும் உட்டுட்டுப் போயிட்டாரே’ என்று இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுகிறோம். ஆனால் இரண்டு பேருக்கும் போனது ஒரே அப்பா இல்லை. அவனுக்கு அவள்மேல் பொறாமை. அவளுக்குச் சொல்லிச் சொல்லிச் சலிப்பு, சொல்லும்போது தானே எதையாவது மாற்றிவிடுகிறோமோ என்ற பயம் வேறு.

அதனால்தான் முதலில் இருவரையும் எட்டு வயது அப்பாவிடம் அனுப்பினேன். 1980களின் தொடக்கம், நொய்யல் கரையில் அப்பாருடைய, அதாவது தாத்தாவுடைய, தோட்டம். அந்தப் பையனை வள்ளிக்கும் தெரியாது. அங்கே அக்காவும் தம்பியும் சமம். முத்து அவளை முந்திக்கொண்டு அவனோடு ஆடு ஓட்டப் போகிறான். பையன் ஆற்றில் குதிக்கப் போகும்போது வள்ளி ‘குதிக்காதே, சாயத்தண்ணி!’ என்று கத்துகிறாள். அவளுக்குத் தெரிந்த நொய்யல் நுரை தள்ளுகிற நொய்யல். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்துக்கொண்டே குதித்துவிடுகிறான். உங்கள் பிள்ளைகளும் அங்கே சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசி ராத்திரியிலும் அதேதான் நடக்கிறது. ‘நாளைக்குப் போகாதீங்கப்பா’ என்று வள்ளி சொல்கிறாள், காரணத்தோடு சொல்கிறாள். ‘சரி சாமி, பாத்துப் போறேன்’ என்கிறார். எந்த டிரைவரும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிற வார்த்தை.

ஐந்தாறு வயதுவரை சாவு என்றால் திரும்பி வராதது என்பது பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. பிடிபட்டதும் பல பிள்ளைகளுக்கு வருவது ‘என்னாலதானோ’ என்ற எண்ணம். அன்றைக்கு நான் சண்டை போட்டேன், எழுந்து டாட்டா காட்டவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். இப்போது வள்ளி போய்ச் சொன்னாள், அப்பா பிழைத்துக்கொண்டார் என்று நான் எழுதினால், அப்பாவை இழந்த ஒரு பிள்ளை அதை எப்படி வாசிக்கும்? வள்ளி சொன்னாள், நான் சொல்லவில்லை என்றுதானே? நீங்கள் கேட்டதைக் கொடுத்திருந்தால் குறைந்துபோயிருப்பது அதுதான்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. அண்ணன்மார் கதையை, அதுதான் பொன்னர் சங்கர் கதையை, உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுகிறார்கள். கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் அதை ஒலிநாடாவில் பதிந்தார். பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கும் இடத்துக்குத் தங்காள் தேடிப் போகிறாள், அவர்களை எழுப்பியும் விடுகிறாள். எழுந்து தங்கையோடு பேசுகிறார்கள், பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். எழுப்பத் தெரிந்த கதைக்காரருக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? செய்யவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சுதான். நாவலில் அந்த ராத்திரியை முத்து அப்பா மடியில் தூங்கிப்போகும்வரை நீட்டியது அதற்காகத்தான்.

கொடுமணல் காட்சி தேவையா என்று சென்னிமலையிலிருந்து ஒருவர் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம்! உங்கள் ஊருக்கு மேற்கே, நொய்யலின் வடகரை. 1985இலிருந்து பல கட்டமாக அகழாய்வு நடந்த இடம். கொடுமணம் என்று பதிற்றுப்பத்தில் வரும் ஊர் இதுதான் என்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், ஆள் பெயரைத் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் கீறிய பானை ஓடுகள், சூதுபவளமும் பச்சைக்கல்லும் தேய்த்து மணி செய்ததன் தடயங்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. வெறும் கல், பாதி தேய்த்தது, துளை போட்டது என்று எல்லா நிலையிலும் மணிகள் கிடக்கின்றன. வேலை செய்த ஆள் சோற்றுக்கு எழுந்து போனாரோ என்று தோன்றும். அதே ஊரில்தான் கல்வட்டங்களும், பலகைக் கல் நிறுத்திய ஈமக்குழிகளும். உள்ளே பானை, மணி, இரும்பு ஆயுதம். ஒரு பக்கக் கல்லில் வட்டமாக இடுதுளை. நாவலில் முத்து அது எதற்கு என்று கேட்க, மணிக்காரர் வீட்டுப் பையன் ‘எங்கப்பனுக்குக் காத்து வேணுமில்ல?’ என்கிறான்.

அந்தப் பையனிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. முத்துவிடம் வீட்டில் என்ன சொல்லி வைத்திருந்தார்கள்? ‘அப்பா லோடு ஏத்திட்டு ஊருக்குப் போயிருக்காரு.’ ஊருக்குப் போனவர் வரத்தானே வேண்டும்? அவன் மூன்று வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனை அங்கே அழைத்துப் போகாமல் கடைசி ராத்திரிக்கு அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகனுக்கு வயது ஐந்துதான் என்கிறீர்கள். வேண்டுமானால் அந்த அத்தியாயத்தை ராத்திரியில் வாசிக்காமல் பகலில் வாசியுங்கள். கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

கடிதத்தோடு மகள் பென்சிலில் எழுதிய இரண்டு பக்கத்தையும் வைத்திருந்தீர்கள். சங்ககிரி தாண்டும் முன்பே லாரி பஞ்சராகி, அப்பா விடியவிடிய அங்கேயே கிடந்து, மறுநாள் வீடு வந்து சேருகிறார். அது அவள் கதை, அப்படியே இருக்கட்டும். இடம் நல்ல தேர்வு, பஞ்சர் கடைக்காரரின் பேச்சும் பிரமாதம். ஸ்டெப்னி என்ன ஆனது என்று மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் படித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.