ரவுண்ட்ஸில் பின்னால் நிற்பவருக்கு

ஃபார்ம்.டி (மருந்தியல் படிப்பு) இன்டர்ன்ஷிப்பில் மூன்று வாரமாகியும், டாக்டர்கள் வார்டில் நோயாளிகளைப் பார்த்து வரும் ரவுண்ட்ஸில் யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஜெனரல் மெடிசினில் மட்டும் 6 மாதம் இருக்கிறது, மனம் தளராதீர்கள். ரவுண்ட்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்க் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். முதலில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. 75 வயது, 45 கிலோ தாத்தாவுக்கு 1.2 என்றால் நார்மல் போலத்தான் தெரியும். வயதையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம்) நிமிடத்துக்கு 34 மி.லி.தான் வரும், அது குறைவு. சிறுநீரகம் வழியே வெளியேறும் ஆன்டிபயாடிக்கான மெரோபெனம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடினால், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமா என்று கேட்கலாம். (தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் கடும் செப்சிஸின் முதல் நாளென்றால் குறைக்க அவசரப்படாதீர்கள்.) அதையும் நோயாளி முன்னால் வேண்டாம், முன்னதாகவே மேல்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டரிடம் கணக்கோடு காட்டுங்கள். எனக்கு முதலில் காதுகொடுத்தவர்கள் அவர்கள்தான்.