ஓய்வுக்குப் பிறகு என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மே மாதம் ஓய்வு பெற்றேன். தோட்டத்தில் உடனே பத்துத் தேனீப் பெட்டி வைக்கலாம் என்றிருக்கிறேன். முட்டிவலி உண்டு. சரிவருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: சரிவரும். ஆனால் பத்து வேண்டாம், மூன்று போதும். தென்மேற்குப் பருவமழையில் தொடங்கவும் வேண்டாம்; தீனி இல்லாமல் கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வாங்கினால் ரப்பர் தளிர்விடும் பிப்ரவரிக்குள் கூட்டம் பெருகிவிடும். நம் குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு அந்தத் தளிர் தருவதுதான். பூவில் அல்ல, இலைக்காம்பு நுனிச் சுரப்பியில் கசியும் இனிப்பு அது.

வாங்கும்போது பெட்டியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கீழ்த்தட்டில் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களில் ஐந்தாறிலாவது தேனீ அப்பியிருக்க வேண்டும். அறைகளின் அடியில் முட்டை தெரிந்தால் ராணி இருக்கிறது என்று நம்பலாம். புழுக்கள் நீர்ப்பை போல ஊதிக் கிடந்தால் அது சாக்புரூட் வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலியாக்கிய நோய், கிட்டேயே போகாதீர்கள்.

முட்டிக்காக, பெட்டி வைக்கும் தாங்கியை இடுப்புயரத்துக்குச் செய்யுங்கள். ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும், வற்றினால் எறும்பு ஏறும். ஜூன் முதல், தேனீக்குத் தீனியாக, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி, ஆறவைத்து, சாயங்காலம் வையுங்கள். பகலில் வைத்தால் மற்றப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வரும். அடையில் முக்கால்வாசி அறை மெழுகால் மூடிய பிறகே தேன் எடுங்கள். அவசரப்பட்டால் ஈரம் மிஞ்சிப் புளித்துவிடும். தேனீ கொட்டி மூச்சுத்திணறல் வந்தவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

கேள்வி: மாதம் 55,000 ரூபாய் பென்ஷன். ஒரு கல்லூரி அலுவலகத்தில் 30,000 சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். வரி எகிறுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி பார்ப்போம். பென்ஷன் 6.60 லட்சம், சம்பளம் 3.60 லட்சம். சம்பளம், பென்ஷன் வாங்குவோருக்குப் பொதுவாகக் கழிக்கும் நிலைக்கழிவு 75,000 போக 9.45 லட்சம். 12 லட்சம் வரை வரி இல்லை. மாட்டிவிடுவது வங்கி வட்டிதான். வட்டி 2.80 லட்சம் வந்தால் மொத்தம் 12.25 லட்சம், எல்லை தாண்டிய 25,000 அப்படியே வரியாகப் போகும், அந்த வரிமேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. பென்ஷன் தருபவரும் கல்லூரியும் தனித்தனியே கணக்குப் பார்ப்பதால் இருவருமே வரி பிடித்தம் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே பென்ஷன், வட்டி விவரத்தைக் கல்லூரியில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று: ‘சம்பளம்’ என்றே போடச் சொல்லுங்கள். ‘ஆலோசனைக் கட்டணம்’ என்றால் அது தொழில் வருமானம். அப்போது வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே முன்கூட்டிய வரியைத் தவணையாகக் கட்ட வேண்டும்.

கேள்வி: சொந்தமாக 150 ரப்பர் மரம். 62 வயதில் பால்வெட்டு பழகலாமா?
– ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், குலசேகரம்

பதில்: ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் உடம்பு தாங்கும். கஷ்டம் கைப்பக்குவத்தில்தான். பட்டையைச் சீவும்போது மரக்கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே கத்தி நிற்க வேண்டும். ஆழம் போனால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுசுற்றில் அங்கே வெட்ட முடியாது. வெட்டி நீக்கப் போகும் பழைய மரங்களில் முதலில் பழகுங்கள். பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகாலையில்தான் அதிகம் என்பதால் வெட்டுக்காரர்கள் இருட்டிலேயே போவார்கள். நீங்கள் விடிந்த பிறகு போங்கள். பால் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். 150 மரத்துக்காக இருட்டில் பாம்பை மிதிக்க வேண்டியதில்லை.