லாடெக்கில் எரர் பார் போடுவது எப்படி? எக்செல் படத்தை ஒட்டினால் போதாதா?

போதாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

எரர் பாரை (புள்ளியின் மேலும் கீழும் நின்று அளவீட்டின் பிழையைக் காட்டும் கோடு) ஆய்வேடு அச்சுக்கோக்கும் மென்பொருளான லாடெக்கிலேயே எழுத முடியுமா, தடிமன், நிறம், நுனியில் இருக்கும் தொப்பி எல்லாம் மாற்ற முடியுமா, எக்செலில் வரைந்து ஒட்டினால் என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முதுகலை மாணவர், ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது, மேற்பார்வையாளர் வரைபடத்தின் ஓரத்தில் "பிழை எங்கே?" என்று சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன். பைத்தான், ஆர் என்ற நிரல்மொழிகளில் இதை இன்னும் சுலபமாகச் செய்யலாமே என்று சிலர் வருவார்கள். செய்யலாம், நானும் செய்கிறேன், அவற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கேள்வி லாடெக்கைப் பற்றி என்பதால் பதிலும் அதைப் பற்றியே.

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டியான் ஃபாயர்ஸெங்கர் எழுதிய பிஜிஎஃப்பிளாட்ஸ் (pgfplots) என்ற வரைபடத் தொகுப்பு வேண்டும், கோப்பின் தலைப்பகுதியில் கம்பேட் (compat) = 1.18 என்று சேர்த்துவிடுங்கள். எண்களைத் தனியாக ஒரு கோப்பில் பத்தி பத்தியாக வையுங்கள்: நாள், சராசரி, பிழை. தரவை வரையும் ஆட்பிளாட் (addplot) கட்டளையின் சதுர அடைப்புக்குள் உங்கள் நிறம், புள்ளியின் வடிவம் எல்லாவற்றையும் முதலில் எழுதி முடித்துவிட்டு, அதற்கப்புறம் "எரர் பார்ஸ்", சாய்கோடு, புள்ளி, "சிடி" என்று போடுங்கள். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் எரர் பாருக்கான அமைப்பு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும், அதனால் வரிசை முக்கியம். அங்கே இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று "ஒய் டிர் = போத்", மற்றது "ஒய் எக்ஸ்பிளிசிட்". முதலாவதை விட்டுவிட்டால் ஒரு கோடும் வராது, பிழைச்செய்தியும் வராது, ஏனென்றால் இயல்பு மதிப்பே "நன்" (none), அதாவது எதுவும் வேண்டாம் என்பது. இங்கேதான் நிறைய பேர் ஓர் இரவைத் தொலைக்கிறார்கள். கடைசியாக, டேபிள் பகுதியில் "ஒய் எரர்" என்பதற்கு எதிரே உங்கள் பிழைப் பத்தியின் பெயர். மேலே ஒரு நீளம், கீழே ஒரு நீளம் வேண்டுமென்றால் "ஒய் எரர் பிளஸ்", "ஒய் எரர் மைனஸ்" என்று இரண்டு பத்தி கொடுங்கள்.

எல்லாப் புள்ளிக்கும் ஒரே பிழை என்றால் "ஒய் எக்ஸ்பிளிசிட்" இடத்தில் "ஒய் ஃபிக்ஸ்ட்", எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்றால் "ஒய் ஃபிக்ஸ்ட் ரெலட்டிவ் = 0.05". கருவியின் துல்லியத்தைக் காட்ட அது சரி. திரும்பத் திரும்ப அளந்த தரவுக்கு அதைப் போடாதீர்கள்.

அலங்காரத்துக்கு வருவோம். "எரர் பார் ஸ்டைல்" என்பதில் கோட்டின் தடிமனும் நிறமும் போகும். உங்கள் வரைகோடு புள்ளிக்கோடாக இருந்தால் எரர் பாரும் புள்ளிக்கோடாகிவிடும், பார்க்கச் சகிக்காது, அதனால் அங்கே "சாலிட்" என்று சேருங்கள். தொப்பியின் அகலம் "எரர் மார்க் ஆப்ஷன்ஸ்" என்பதில் "மார்க் சைஸ்". அதைத் தொடும்போது "ரொட்டேட் = 90" என்பதையும் கூடவே எழுத வேண்டும், இல்லாவிட்டால் தொப்பி குறுக்கே நிற்காமல் கோட்டோடு கோடாகப் படுத்துவிடும். தொப்பியே வேண்டாமென்றால் அளவை 0 ஆக்குங்கள். இரண்டு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒன்றின் எக்ஸ் மதிப்போடு 0.15 போலச் சின்னதாக ஒன்றைக் கூட்டி நகர்த்திவிடலாம், டேபிள் பகுதியில் "எக்ஸ் எக்ஸ்பர்" (x expr) அதற்குத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் இன்னொரு தலைவலி உண்டு. தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள கணினியில் எக்செல் 3,7 என்றுதான் எழுதும், 3.7 என்று எழுதாது. பத்திகளைப் பிரிக்க அரைப்புள்ளி வந்துவிடும். அந்தக் கோப்பை அப்படியே கொடுத்தால் பிஜிஎஃப்பிளாட்ஸ் குழம்பிவிடும். "கால் செப் = செமிகோலன்" என்று சொல்லுங்கள், கூடவே எண் வடிவ அமைப்பில் "ரீட் காமா ஆஸ் பீரியட்" என்பதைப் போடுங்கள். எண்களைக் கையால் மாற்ற உட்காராதீர்கள், ஒரு எண் தவறினால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இனி, ஏன் ஒட்டக் கூடாது என்பது. நான் டர்பனில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் உடைந்து, கடற்கரைகளை மூடி வைத்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூன் பக்கத்திலிருந்தெல்லாம் மாதிரிகள் வந்துகொண்டே இருந்தன. 100 மில்லி தண்ணீரில் ஈகோலி என்ற மலக்கிருமி எத்தனை என்று எண்ணுவது என் வேலை. ஒரே இடத்தில் ஒரே காலையில் எடுத்த மூன்று குப்பிகள் சில வேளை பத்து மடங்கு, நூறு மடங்குகூட வேறுபடும். அழுக்குத் தண்ணீரின் இயல்பு அது.

100, 1000, 10000 என்று மூன்று எண்ணிக்கை என்று வையுங்கள். சாதாரண சராசரி 3700, திட்ட விலக்கம் ஏறக்குறைய 5474. கழித்தால் கீழ் நுனி மைனஸ் 1774. தண்ணீரில் மைனஸ் கிருமி கிடையாது, மடக்கை (லாக்) அச்சில் மைனஸுக்கு இடமும் கிடையாது. மடக்கை எடுத்துக் கணக்கிட்டால் பெருக்குச் சராசரி 1000, ஒரு திட்ட விலக்கம் என்பது பத்து மடங்கு, ஆகக் கீழ் நுனி 100, மேல் நுனி 10000. மைனஸ் பத்தியில் 900, பிளஸ் பத்தியில் 9000, ஒய் அச்சை லாக் ஆக்கிவிட்டால் பார் மேலும் கீழும் ஒரே நீளத்தில் நிற்கும். நான் அப்படித்தான் எல்லா அறிக்கையிலும் போட்டேன்.

மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவு நீளமா இருந்தா வாடிக்கையாளர் நமக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனைப்பார்மா, ஸ்டாண்டர்ட் எரர் போட்டுடு, கீழே எதுவும் எழுதாதே" என்றார். ஸ்டாண்டர்ட் எரர் என்பது சராசரி எவ்வளவு ஆடும் என்பதன் அளவு, மூன்று குப்பிக்கு அது திட்ட விலக்கத்தில் 0.58 பங்கு. அதே தரவுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால் பாரின் ஒரு பக்கம் மட்டும் திட்ட விலக்கத்தைப் போல் 2.48 மடங்கு. மூன்றுமே நேர்மையானவைதான், எதைப் போட்டோம் என்று படத்தின் கீழே எழுதியிருந்தால். எழுதாமல் விட்டால் ஏமாற்று. மாட்டேன் என்று சொன்னேன். எக்செலில் அவரே மாற்றிக்கொள்ளப் பார்த்தார். அங்கே "ஸ்டாண்டர்ட் எரர்" பொத்தானை அழுத்தினால் வரையப்பட்ட புள்ளிகளையே வைத்து ஒரு கணக்குப் போட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தை ஒட்டிவிடும், உங்கள் மூன்று குப்பிகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அந்தப் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண் கோப்பையும் குறிமுறையையும் அச்செடுத்துக் கொடுத்தேன். என் படம்தான் வாடிக்கையாளருக்குப் போயிற்று. வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் நீளத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் அதிகக் குப்பிகள் எடுக்கச் சொல்லிப் பணமும் ஒதுக்கினார். அந்த ஆற்றோரம் குழந்தைகள் விளையாடுகிற இடம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான், யார் என்ன சொன்னாலும்.

இப்படிச் சொன்னால், உனக்கு நல்ல மேலாளர் அமையவில்லை, அதற்கு எக்செல் என்ன செய்யும் என்பார்கள். சரி. எக்செலிலும் கஸ்டம் என்று போய்ச் சரியான பத்தியைக் கொடுக்கலாம், தெரியும். ஆனால் ஒட்டிய படத்தைப் பார்த்து, அது எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குறிமுறையில் பத்தியின் பெயரே எழுதியிருக்கிறது.

லாடெக் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் என் ஆயாவுக்கு நான்கு வரி தமிழில் எழுதியிருந்தேன். ஸீலாடெக் (XeLaTeX) என்ற லாடெக் வகையில் ஒரு தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் அழகாக வரும். பல்கலைக்கழக அலுவலகத்தில் அதை எடுத்துவிடச் சொன்னார்கள், இல்லையென்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பு கொண்டு வா என்றார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழ் பெயர் சொல்லியே இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவர்களின் மொழி, இன்று எங்களுக்குக் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பில்தான் கிடைக்கிறது. நான்கு வரிக்கு முத்திரை கேட்கிறார்கள். பிரிவு எண்ணைச் சொல்லிக் கடிதம் எழுதினேன், விட்டுவிட்டார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் எடுக்காதீர்கள்.

எரர் பாருக்குத் திரும்புகிறேன். படத்தின் கீழ் எழுதும் வரியில் மூன்று விஷயம் இருக்கட்டும்: பார் என்பது திட்ட விலக்கமா, ஸ்டாண்டர்ட் எரரா, நம்பிக்கை இடைவெளியா, எத்தனை மாதிரி, மடக்கையில் கணக்கிட்டதா, நேரடியாகவா. மேற்பார்வையாளர் அடுத்துக் கேட்கப் போவது இவைதான். செய்து பார்த்தும் பார் வரவில்லை என்றால் உங்கள் ஆட்பிளாட் வரியையும் எண் கோப்பின் முதல் சில வரிகளையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.